பூஜையில் வைத்த புத்தகக் கடை

பெட்டியை உடைத்த பொன்னுதுரை உள்ளே இருந்ததைப் பார்த்தார். மூடியை மறுபடி மூடி, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, உள்ள பாம்பா?" என்றாள் அஞ்சலை, பசியாறக் கொண்டுவந்த தூக்குச் சட்டியை மேசைமேல் வைத்தபடி.

"சூரியன்."

"எது?"

"எந்திரிக்கிறேன், நீயே பாரு."

அவள் பார்த்தாள். மலாயாவுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்ததை ஒட்டிப் புதிதாக அச்சான தமிழ்ப் பாடப் புத்தகங்கள். நீல அட்டையில் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் பெட்டியைத் திறந்தாள். அதிலும் உதித்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புவரை ஒரே அட்டை, ஒரே சூரியன், ஒரே விலை.

"அழகாத்தானே இருக்கு!"

"அழகு கெடக்கட்டும். மயில் எங்க? யானை எங்க? பாய்மரக் கப்பல் எங்க?"

அஞ்சலைக்கு அப்போதுதான் புரிந்தது. மெதுவாக மூடியை மூடி, அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பழைய புத்தகங்களில் வகுப்புக்கு ஒரு படம் இருந்தது. மயில் ஒன்றாம் வகுப்பு, யானை இரண்டாம் வகுப்பு, கப்பல் மூன்றாம் வகுப்பு. மலாக்காவில் உள்ள காஜா பேராங் தமிழ்ப் பள்ளியின் புத்தகக் கடையைப் பொன்னுதுரை இத்தனை வருடமாக ஒரு பிசகும் இல்லாமல் நடத்தியது அந்தப் படங்களை வைத்துத்தான். அவர் மலாக்காச் செட்டிச் சமூகத்துக்காரர். அவர்கள் வீட்டில் கும்பிடுவது மாரியம்மன், பேசுவது மலாய். பில்லை ரூமி என்கிற ஆங்கில எழுத்தில் மலாயில் போடுவார், ஆர்டரை ஆங்கிலத்தில் எழுதுவார். தமிழ் பேச அஞ்சலை கற்றுக்கொடுத்தாள். எழுத்தை அவளாலும் கற்றுக்கொடுக்க முடியவில்லை. ரப்பர் வெட்டும் கித்தாத் தோட்டத்தில் பிறந்து, பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் வளர்ந்தவள் அவள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று தலைமையாசிரியர் ராஜரத்தினம், "தமிழ் வாசிப்பீங்கதானே?" என்று கேட்டார். பொன்னுதுரை தலையாட்டிவிட்டார். ஆட்டிய தலையை இன்றுவரை திருப்பி ஆட்ட முடியவில்லை.

"நீயாவது படிச்சிருக்கக்கூடாதா?" என்றார் இப்போது.

"நான் படிச்சிருந்தா ஒரு ஆபீஸ் கிராணியையில்ல கட்டியிருப்பேன்!"

"அலாமாக்! நேரங்காலம் தெரியாம."

"பின்ன என்னங்க? நாற்காலி வர்ற நேரத்துல இப்படி ஒரு சோதனையா?"

நாற்காலி என்று அவள் சொன்னது மேனேஜர் பதவியை. இப்போதைக்குப் பொன்னுதுரை வெறும் கடைக்காரர். சம்பளம் நாற்பது வெள்ளி. அந்த நாற்பதுக்குப் புத்தகம் விற்க வேண்டும், வகுப்பு வகுப்பாக மைக்கூடு நிரப்ப வேண்டும், காவல்காரன் வராத நாளில் மணியடிக்க வேண்டும், தலைமையாசிரியரின் சைக்கிளுக்குக் காற்றும் அடிக்க வேண்டும். உட்காருவதற்கு ஒரு முக்காலி. சுதந்திரம் வந்த கையோடு பள்ளி வாரியம் ஒரு பேச்சை எடுத்திருந்தது. இனிமேல் கடைக்கு ஒரு மேனேஜர். சம்பளம் இரட்டிப்பு. கை வைத்த நாற்காலி. மணியடிக்கிற வேலையும் காற்றடிக்கிற வேலையும் கிடையாது.

வாரியம் இன்னும் முடிவு செய்யவில்லை. அஞ்சலை செய்துவிட்டாள். அந்த நாற்காலிக்குச் சிவப்புத் துணியில் ஒரு மெத்தையே தைத்து முடித்திருந்தாள். "தமிழ் தெரியாதவன் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல என்ன பண்றான்?" என்று கிண்டலடிக்கும் பொன்னுதுரையின் சொந்தக்காரர்கள் வீடு வீடாக அந்த மெத்தையைக் காட்டிவிட்டும் வந்திருந்தாள்.

"தடிமனைப் பாருங்க," என்றாள் அவள் திடீரென்று. "பெரிய வகுப்புன்னா தடிச்ச புஸ்தகம். சின்ன வகுப்புன்னா மெலிசு. இதுக்கெல்லாம் எழுத்தா வேணும்?"

பொன்னுதுரை எழுந்து நின்றார். "அஞ்சலை, நீதான் மேனேஜர்!"

தடிமன் பார்த்து அடுக்கினார். பள்ளி மணி அடித்தது. மத்தியானத்துக்குள் ஆறு அடுக்கும் கரைந்து பாதியாகிவிட்டன.

மறுநாள் காலையில் மூன்றாம் வகுப்பு ருக்மணி டீச்சர் ஒரு கட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கடை மேசைமேல் தொப்பென்று போட்டார்.

"பொன்னுதுரை அண்ணே! என் பிள்ளைங்களுக்கு நாலாம் வகுப்புப் புஸ்தகத்தைக் குடுத்திருக்கீங்க."

மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் எழுத்தும் படமும் பெரிது. அதனால் நான்காம் வகுப்புப் புத்தகத்தைவிடத் தடித்திருந்தது. இது பொன்னுதுரைக்கு எப்படித் தெரியும்?

"அட்டையிலயே 'நான்காம் வகுப்பு'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே. பார்க்கலையா?"

பொன்னுதுரை அட்டையைப் பார்த்தார். சூரியன் உதித்துக்கொண்டிருந்தது.

"பார்த்தேன் டீச்சர்."

"பார்த்துட்டுமா குடுத்தீங்க?"

தவறிவிட்டது என்று சொன்னால், கொட்டை எழுத்து எப்படித் தவறும் என்று கேட்பார். பொன்னுதுரைக்கு வேறு வழி தெரியவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"பார்த்துத்தான் குடுத்தேன். வெள்ளைக்காரன் போயாச்சு. நம்ம பிள்ளைங்க இன்னும் பழைய எடத்துலயே நிக்கணுமா? ஒரு படி மேல ஏத்திவிட்டேன். உங்ககிட்ட படிக்கிற பிள்ளைங்களால முடியும்னு எனக்குத் தோணிச்சு."

ருக்மணி டீச்சரின் முகம் மாறியது. "யாரு முடியாதுன்னு சொன்னது?"

"நீங்கதான் புஸ்தகத்தைத் திருப்பிக் கொண்டாந்திருக்கீங்க."

"நான் கேக்கத்தான் வந்தேன். திருப்பிக் குடுக்க வரல!" டீச்சர் புத்தகக் கட்டை மறுபடி இடுப்பில் ஏற்றிக்கொண்டார். இரண்டடி போனவர் நின்றார். "அப்ப நாலாம் வகுப்புக்கு மூணாம் வகுப்புப் புஸ்தகம் போயிருக்கே, அது?"

பொன்னுதுரை மேசையில் இல்லாத தூசியைத் தட்டினார். "அங்க… அஸ்திவாரம் கொஞ்சம் ஆட்டம் டீச்சர்."

"இதைத்தானே நானும் வந்த நாள்லேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்! ஒரு ஆள் காதுல வாங்கினாங்களா?" என்றார் ருக்மணி டீச்சர். அவர் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. நேரே தலைமையாசிரியர் அறைக்குத்தான் போனார்.

சிறிது நேரத்தில் ராஜரத்தினம் தாமே கடைக்கு வந்துவிட்டார். அவர் கடைக்கு வருவது சைக்கிள் டயரில் காற்று இல்லாத நாளில் மட்டும்தான்.

"பொன்னுதுரை, உங்களை நான் வெறும் கடைக்காரர்னு நெனச்சிட்டேன். மன்னிச்சுக்கணும்."

"தா'பாலா சார், அதனால என்ன?"

"பாடத்திட்டத்தைப் பத்தி இவ்வளவு யோசனையா உங்களுக்கு! வாரியச் செயலாளருக்குச் சொல்லியனுப்பிட்டேன். சரஸ்வதி பூஜையன்னிக்கு நேர்ல வர்றார். மேனேஜருக்கு என்ன வேலை, என்ன சம்பளம், எல்லாம் அன்னைக்கே முடிவு பண்ணிடுவார்."

பொன்னுதுரைக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஒண்ணே ஒண்ணு. தமிழ்ப் பள்ளிக்கூடத்து மேனேஜராச்சே, புதுப் புஸ்தகத்துல ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டச் சொல்லலாம்னு வாரியத்துல பேசிக்கிட்டாங்க. உங்களுக்கென்ன, தண்ணி பட்ட பாடு!"

கால் தரையில் பாவியது.

செயலாளர் தேவதாஸ் லேசான ஆள் இல்லை. ஆங்கிலப் பள்ளியில் பெரிய படிப்புப் படித்தவர். மெர்டேக்கா இரவில் பள்ளித் திடலில் அவர் பேசிய தமிழை ஊரே வாய்பிளந்து கேட்டது. கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ஒரு சொல் தடுக்கவில்லை. அன்றைக்கே அவரைத் தூக்கிச் செயலாளர் பதவியில் உட்கார வைத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர் முன்னால் போய்ப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு நிற்பதா?

வீட்டுக்கு வந்த பொன்னுதுரை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"உண்மையச் சொல்லிடலாமா அஞ்சலை?"

"சொன்னா மெத்தை?"

"மெத்தையை நீ வச்சுக்கயேன்!"

"நான் வச்சுக்கிட்டு? முக்காலியில போடவா? விஜயதசமியன்னிக்குக் கோயில்ல சின்னப் பிள்ளைங்களுக்கு அரிசியில எழுத்துப் போட்டுக் குடுப்பாங்களே, போயி உக்காந்து கத்துக்கங்க."

"மீசை வச்ச பிள்ளையை எந்த ஐயரு மடியில உக்கார வைப்பாரு? அதோட, விஜயதசமி பூஜைக்கு மறுநாள். அதுக்குள்ள கதை முடிஞ்சிடும்."

அஞ்சலை பெருமூச்சு விட்டாள். தண்ணீர் எடுத்து வந்தவள் ஏதோ நினைத்துக்கொண்டவள்போல் சிரித்தாள். "எங்க தோட்டத்துல பால் வெட்டுற கத்தியைப் பூஜையில வச்சிட்டா, துரையே குதிரையில வந்து நின்னாலும் எடுக்கமாட்டோம். மறுநாள் பூஜை பண்ணினப்புறம்தான் கையில தொடுவோம். அந்த ஒரு நாள் துரையால ஒண்ணும் பண்ண முடியாது."

பொன்னுதுரை பிசைவதை நிறுத்தினார். "கத்தியைத் தொட மாட்டீங்க. சரி. புஸ்தகத்தை?"

"புஸ்தகத்தை வச்சாலும் தொடக்கூடாதுதான். பிரிச்சுப் படிக்கவே கூடாது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சரஸ்வதி பூஜைக்கு மற்ற பள்ளிகளில் ஆளுக்கு ஒரு புத்தகம் வைப்பார்கள். அன்று காலை மண்டபத்துக்குள் வந்த ராஜரத்தினம் வாசலிலேயே நின்றுவிட்டார். கடை முழுவதும் அங்கே இருந்தது. அடியில் சிலேட்டுகள், அதன்மேல் கட்டுரை ஏடுகள், அதன்மேல் பிள்ளைகள் கொண்டுவந்ததும் சேர்த்து ஆறு வகுப்புப் புத்தகங்கள், பில் புத்தகம், பேனாக்கள், மைப் புட்டிகள், சுண்ணாம்புக் கட்டிப் பெட்டிகள். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். உச்சியில் சரஸ்வதி படம் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"பொன்னுதுரை! எல்லாத்தையுமா?"

"எதை சார் விடறது? ஒண்ணை வச்சு ஒண்ணை விட்டா அம்பாள் மனசு கோணாதா?"

"செயலாளர் வாசிக்கச் சொன்னா என்னய்யா பண்றது?"

"பூஜையில வச்சதை எப்படி சார் எடுக்கிறது?" என்றார் பொன்னுதுரை, உலகத்துச் சோகத்தையெல்லாம் முகத்தில் வரவழைத்துக்கொண்டு.

வாசலில் கார் வந்து நின்றது. வெள்ளைக் கோட்டுப் போட்ட தேவதாஸ் இறங்கினார். பின்னாலேயே தமிழ்ப் பத்திரிகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு டிரைவர் அப்பாசாமி.

"மன்னிக்கணும் சார்," என்று ராஜரத்தினம் கையைப் பிசைந்தார். "இவர் ஒரு பக்கம் வாசிக்கிறதா ஏற்பாடு. புஸ்தகம் பூராவையும் பூஜையில வச்சிட்டாரு."

தேவதாஸ் அந்தப் புத்தகக் கோபுரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டார். "பூஜையில் வைத்ததை எடுக்கலாகாது," என்றார் மேடைத் தமிழில். "மரபு என்று ஒன்று இருக்கிறதல்லவா?"

பொன்னுதுரைக்கு உயிர் வந்தது. ஆனால் ராஜரத்தினம் விடுகிற ஆள் இல்லை.

"அப்படின்னா, உங்களுக்காக நாங்க எழுதி வச்சிருக்கிற வரவேற்பு மடல் இருக்கு. சார் ஒரு தடவை வாசிச்சுப் பார்த்து…"

தேவதாஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "நான் எதற்கு? மேனேஜராக வரப்போகிறவரே வாசிக்கட்டும்."

மடல் பொன்னுதுரை கைக்கு வந்தது. மடலை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். நேரே கோபுரத்துக்கு நடந்தார். நடுவில் செருகி, சந்தனப் பொட்டு வைத்தார்.

"ஐயோ, அது கையால எழுதினதுய்யா!"

"எழுத்து எழுத்துதானே சார். அம்பாளுக்குக் கையெழுத்து வேற, அச்செழுத்து வேறயா?"

"இல்லவே இல்லை!" என்றார் தேவதாஸ், கண்ணாடியை அவசரமாக மாட்டிக்கொண்டு.

பொன்னுதுரைக்கு வேண்டியவராகிவிட்ட ருக்மணி டீச்சர் உதவிக்கு வந்தார். "அண்ணே கவலைப்படாதீங்க, என் பையில ஒரு சுண்ணாம்புக் கட்டி இருக்கு. கரும்பலகையில எழுதறேன், ஜோரா வாசிச்சுக் காட்டுங்க!" சொன்ன வேகத்தில் இரண்டு வரி எழுதியும்விட்டார்.

பொன்னுதுரை சுற்றுமுற்றும் பார்த்தார். தட்டில் ஒரு பெரிய ரோஜா மாலை. எடுத்துக் கரும்பலகைக்குச் சாத்தினார். மாலைக்கு வெளியே தெரிந்த எழுத்துகளின்மேல் சந்தனத்தை அள்ளிப் பூசினார்.

"அது செயலாளருக்கு வாங்கின மாலை!" ராஜரத்தினம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எனக்கு எதற்கு மாலை? எழுத்துக்குச் சாத்தியது மிகப் பொருத்தம்," என்றார் தேவதாஸ். அவர் முகம் மலர்ந்திருந்தது. இவ்வளவு பக்தியுள்ள மனிதரா என்று டீச்சர்கள் கிசுகிசுத்துக்கொண்டார்கள்.

ராஜரத்தினத்தின் கண் டிரைவரின் அக்குளில் போய் நின்றது. "பத்திரிகை! அது பூஜையில வைக்காததுதானே?"

அவர் கையை நீட்டுவதற்குள் பொன்னுதுரை முந்திக்கொண்டார். பத்திரிகை கோபுரத்தின் உச்சிக்குப் போனது.

"அண்ணே, நான் இன்னும் பாதிகூடப் படிக்கல!" என்றார் அப்பாசாமி.

"நாளைக்குப் பூஜை முடிஞ்சதும் வாங்கிக்கங்க அண்ணே. அம்பாள் படிச்சிட்டுத் தருவா."

அப்பாசாமி ஒருமுறை தம் முதலாளியைப் பார்த்தார், ஒருமுறை பொன்னுதுரையைப் பார்த்தார். தூணில் சாய்ந்துகொண்டார்.

மண்டபத்தில் படிப்பதற்கு இனி ஒரு எழுத்தும் பாக்கியில்லை. தலைமையாசிரியர் நாற்காலியில் சரிந்தார்.

"வாசிப்பு இருக்கட்டும்," என்றார் தேவதாஸ். "இவரிடம் நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பள்ளிப் புத்தகக் கடை மேனேஜருக்கு என்ன வேலை?"

கூட்டத்தின் கடைசியில் அஞ்சலை மெத்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பொன்னுதுரை அவளைப் பார்த்தார். இந்தக் கேள்விக்கு எழுத்து வேண்டியதில்லை. அவர் பயமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"மத்த கடைக்காரங்களுக்குக் கடை நெறைஞ்சிருந்தா சந்தோஷம் சார். எனக்குக் கடை காலியா இருந்தாத்தான் தூக்கம் வரும். அலமாரியில ஒரு புஸ்தகம் மிச்சம் இருந்தா, வகுப்புல ஒரு பிள்ளை வெறுங்கையோட உக்காந்திருக்குன்னு அர்த்தம். காசில்லாத பிள்ளை கடைக்கு வராது சார். அந்தத் தூணுக்குப் பின்னால நிக்கும். அதைப் பார்க்கிறதுதான் மொத வேலை. சும்மா குடுத்தா வாங்காது, ரோஷக்காரப் பிள்ளைங்க. அதனால நானே மூலையை மடக்கி, 'இது மடங்கின புஸ்தகம், விக்காது, நீ எடுத்துட்டுப் போ'ம்பேன். என் சம்பளத்துல கழிச்சுக்குவேன். புதுப் புஸ்தகத்தைக் கையில வாங்கினதும் பிள்ளைங்க மோந்து பார்க்கும் பாருங்க, அந்த மூஞ்சியை நான்தான் சார் மொதல்ல பார்க்கிறேன். அப்பா அம்மாவுக்குக்கூட அது கெடைக்காது. மேனேஜர்னு பலகை மாட்டினாலும் மாட்டாட்டியும், காஜா பேராங்ல அந்த வேலை என்னோடது."

ருக்மணி டீச்சர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். தேவதாஸ் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைத்தது கண்ணை.

"தலைமையாசிரியர் எண்பது வெள்ளி கேட்டார்," என்றார். "நான் தொண்ணூறு என்கிறேன். இன்றிலிருந்து இவர் மேனேஜர்."

கைதட்டலில் கோபுரம் ஆடியது. பத்திரிகை சரிந்து கீழே விழ, அப்பாசாமி நைசாக எடுத்து மடித்துக்கொண்டார்.

"சார், அந்த அதிகப்படி பத்து வெள்ளி?" என்று கேட்டார் பொன்னுதுரை.

தேவதாஸ் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அது ஒரு தனிப் பொறுப்புக்கு. நாளைக் காலையில் கிளேபாங்கில் என் வீட்டுக்கு வாருங்கள். வெளியில் சொல்ல வேண்டாம்."

தனிப் பொறுப்பு! செயலாளர் வீட்டுக்கே அழைப்பு! தலைமையாசிரியரின் சொந்தக் கை நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார்கள். அஞ்சலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சிவப்பு மெத்தையை அதில் வைத்து, நான்கு மூலையையும் இழுத்துவிட்டாள். பொன்னுதுரை உட்கார்ந்தார். இரண்டு கையையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டார். மெர்டேக்கா இரவில் கொடி ஏறியபோதுகூட அவர் முதுகு இவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

"தப்பிச்சோம்ங்க," என்று காதோடு சொன்னாள் அஞ்சலை. "நாளைக்கே யாருக்கும் தெரியாம எழுத்தைக் கத்துக்க ஆரம்பிச்சிடுங்க."

"இனிமே எதுக்கு? என்னை எவன் வாசிக்கச் சொல்லப் போறான்? நான் மேனேஜர்!"

தேவதாஸ் காரில் ஏறிக்கொண்டார். கதவைச் சாத்திவிட்டு அப்பாசாமி மட்டும் திரும்பி வந்து, நாற்காலி முன்னால் குனிந்து கும்பிட்டார்.

"மேனேஜர் சார், காலையில நல்ல நேரத்துக்குள்ள வந்துடுங்க. ஒரு தட்டுல பச்சரிசி தயாரா வச்சிருக்கேன்."

"பச்சரிசியா? எதுக்கு அண்ணே?"

அப்பாசாமி காரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயாவோட பேச்செல்லாம் நான் வாயால சொல்லிக் குடுத்து மனப்பாடம் பண்ணினது, தமிழ்ல அவருக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது, டிரைவர்கிட்ட கத்துக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு ஒரு மேனேஜர் வரட்டும்னு காத்திருந்தாரு… நாளைக்கு விஜயதசமி, நீங்கதான் அவர் வெரலைப் பிடிச்சு 'அ' எழுத வைக்கணும்!"